வேலிக்கு மேல் வீசிய தழை

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பெரியம்மா மருமகளைப் பிடி பிடி என்று பிடித்துக்கொண்டிருந்தாள். "பூசணம் புடிச்ச ரொட்டிய வச்சு வாயில்லா ஜீவனக் கொன்னுட்டியேடி!"

இந்தப் பக்கம் டெய்லர், செடி வெட்டும் கத்தரியோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிரிவெட் செடியை நெருக்கமாக நட்டு வளர்த்த வேலி என்றால் அவருக்கு அப்படி ஒரு பெருமை. துணி வெட்டுகிற கண் அல்லவா, ஒரு கொப்பு தூக்கிக்கொண்டு நின்றால் சோறு இறங்காது. ஞாயிற்றுக்கிழமை வெட்டிய தழையைக் குப்பையில் போட மனசு வரவில்லை. பக்கத்து வீட்டு ஆட்டுக்கு வாரி வீசினார். பெரியம்மாகூட வாயார வாழ்த்தினாள். மறுநாள் ஆடு வயிறு உப்பி விழுந்தது. பொழுது சாய்வதற்குள் போயே போய்விட்டது. பேத்தியின் பாலுக்கென்று போன வருஷம் வாங்கிய ஆடு.

அந்த வேலிச் செடிக் கன்றுகளை விற்ற கடைக்காரர் அன்றைக்கே சொல்லியிருந்தார்: "இலை, காய் ரெண்டுமே விஷங்க. ஆடு மாடு வாயில படாம பாத்துக்குங்க."

"நம்ம வீட்ல இருக்கறது தையல் மிஷின். அது மேயாது" என்று இவர் ஜோக்கடித்தார். கடைக்காரரும் சிரித்தார். பாழாய்ப்போன அந்தச் சிரிப்புதான் ஞாபகத்தில் நின்றது, சொன்ன சொல் நிற்கவில்லை. ஆடு விழுந்த பிறகு அது ஞாபகம் வந்து என்ன பிரயோஜனம்?

"எப்பத்தான் சொல்லப் போறீங்க?" என்றாள் மனைவி, ஈரத்துணியை உதறியபடி.

"கொஞ்சம் ஆறட்டும்."

"அந்தப் பொண்ணு பெட்டியக் கட்டிட்டுக் கெளம்பினப்புறமா?"

அவர் ஏற்கெனவே சமமாக இருந்த இடத்தையே மறுபடி வெட்டினார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

வேலிக்கு மேலே மருமகளின் முகம் தெரிந்தது. அழுது வீங்கிய கண். கையில் தாயில்லாத ஆட்டுக்குட்டி.

"அண்ணே, காலையிலேருந்து குட்டி எதையும் தொட மாட்டேங்குது. அன்னைக்கு இதோட அம்மா ஆசையா தின்னுச்சே, அந்தத் தழைல கொஞ்சம் குடுங்கண்ணே. இதையாவது நான் காப்பாத்திக் காட்டணும்."

டெய்லர் வாயைத் திறந்தார். அதற்குள் குட்டி கழுத்தை நீட்டி, அவர் வெட்டிய வெட்டுக்கு மிஞ்சி நின்ற ஒரு தளிரை மோந்தது.

"வேணாம்மா!" கத்தரியைப் போட்டுவிட்டுக் குட்டியின் வாய்க்கும் இலைக்கும் நடுவில் கையைக் கொடுத்தார்.

"ஏண்ணே?"

அவர் போட்ட சத்தத்தில் பெரியம்மாவும் வாசலுக்கு வந்துவிட்டாள். இரண்டு பேரும் அவரையே பார்த்தார்கள். தழையின் பச்சைக்கறை இன்னும் போகாத அவர் விரலைக் குட்டி கண்ணை மூடிக்கொண்டு சப்ப ஆரம்பித்தது.