நின்னா நிறுத்தணும்

கலக்குறதுல எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. நான் பெயின்டர். இருபத்திரெண்டு வருஷமா சுவரும் நானும்தான். அதனால என் மனைவி ஹால்ல உக்காந்துக்கிட்டு, "கிரீம் அடிக்கிறப்போ அப்பப்போ கம்பியைத் தூக்கிப் பாருங்க. கம்பியில ஒட்டின கிரீமோட முனை மடங்காம நின்னா உடனே நிறுத்திடணும்"னு சொன்னப்போ எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. "நான் பார்க்காத கலவையா?"ன்னு கேட்டுட்டு சமையலறைக் கதவைச் சாத்தினேன்.

அவளுக்குக் கை நல்லா இருந்தா அவளே செஞ்சிருப்பா. பத்து நாளைக்கு முன்னாடி மாடிப்படியில வழுக்கி வலது மணிக்கட்டை உடைச்சுக்கிட்டா. ஆறு வாரம் மாவுக்கட்டு. சேதி தெரிஞ்சதும் அவளோட அக்கா போன் பண்ணி, "ஞாயித்துக்கிழமை வர்றேன். கட்டு பிரிக்கிற வரைக்கும் நீ எங்க வீட்டுல வந்து இரு"ன்னுட்டாங்க. கேக்கல, சொன்னாங்க. ஆஸ்பத்திரியில தலைமை நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க. எங்க வீட்டுல அவங்களுக்குப் பேரு மேலிடம். "உன் வீட்டுக்காரருக்கு வெந்நீர் வைக்கவாவது தெரியுமாடி?"ன்னு அவங்க போன்ல கேட்டது, நாலடி தள்ளி நின்ன எனக்கும் கேட்டுச்சு. குரல் அப்படி.

கல்யாணம் ஆனதுலேருந்து சேர்ந்தாப்புல ரெண்டு நாள் அவ வெளிய தங்கினது கிடையாது. ஒரு மாசத்துக்கு மேல தனியா இந்த வீட்டுல நான் என்ன பண்ணுவேன்? போகாதேன்னு ஒரு வார்த்தை அவகிட்ட சொல்லியிருக்கலாம். வாய் வரல. அதுக்குப் பதிலா, "வரட்டும். சாப்பாட்டுக்கு அப்புறம் என் கையால ஒரு இனிப்பு செஞ்சு வைக்கிறேன். சாப்பிட்டுட்டு அப்புறம் சொல்லட்டும், எனக்கு வீட்டைப் பார்த்துக்கத் தெரியாதுன்னு"ன்னு வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டேன்.

இதைவிடச் சுலபமான இனிப்பு கிடையாதுன்னு அவதான் சொல்லிக் கொடுத்தா. ரெண்டு மாம்பழம், ஒரு டப்பா ஸ்ட்ராபெர்ரி, அரை லிட்டர் கிரீம், கொஞ்சம் சர்க்கரை. அடிக்கிற வெயிலுக்கு அடுப்பே பத்த வைக்க வேண்டாம். பழத்தை நறுக்கி டம்ளர்ல போட்டு, மேல அடிச்ச கிரீமை வெச்சு, ஃபிரிட்ஜுக்குள்ள தள்ளிட வேண்டியதுதான்.

பழம் நறுக்கினதுல யாரும் குறை சொல்ல முடியாது. எல்லாத் துண்டும் ஒரே அளவு. ஸ்கேல் வெச்சுதான் நறுக்கினேன், மறைப்பானேன்.

கிரீம்லதான் வினை. வீட்டுல இருந்த, கிரீம் அடிக்கிற பீட்டர் மெஷினோட மோட்டார் எரிஞ்சு ஒரு வருஷமாச்சு, கம்பி மட்டும் நல்லா இருந்துச்சு. கையால அடிச்சா கால் மணி நேரம் ஆகும்னு சொல்லியிருந்தா. கால் மணி நேரம் கையால கலக்கவா நான் இத்தனை வருஷம் தொழில் பண்றேன்? என் டிரில் மெஷினை எடுத்து நல்லாத் துடைச்சு, அதோட மூக்குல பீட்டர் கம்பியை மாட்டினேன். அளவெடுத்த மாதிரி உக்காந்துச்சு.

பட்டனை அமுக்கினதும் கொஞ்சம் கிரீம் சட்டைக்குப் போச்சு, கொஞ்சம் சுவத்துக்குப் போச்சு. போகட்டும். ஒரே நிமிஷத்துல மிச்சம் கெட்டியாச்சு. கம்பியைத் தூக்கிப் பார்த்தேன். முனை ஜம்முன்னு நின்னுச்சு.

அங்கேயே நிறுத்தியிருக்கணும். ஆனா எந்தப் பெயின்டரும் அங்கே நிறுத்த மாட்டான். பெயின்ட் டப்பாவுல மேல பார்க்க நல்லாத்தான் இருக்கும், சரக்கு எல்லாம் அடியில தங்கியிருக்கும். பாதியில விட்டா சுவர் திட்டுத் திட்டா வரும், வீட்டு ஓனர் காறித் துப்புவார். அதனால வேகத்தைக் கூட்டினேன். கொஞ்ச நேரத்துல சத்தம் மாறிச்சு. வெள்ளையா இருந்தது மஞ்சளாச்சு, மஞ்சள் கட்டி கட்டியா திரண்டுச்சு, நாலா பக்கமும் தண்ணி தெறிச்சுச்சு. நிறுத்திட்டுக் குனிஞ்சு பார்த்தா பாத்திரத்துல வெண்ணெய்.

"என்னங்க, நின்னுச்சா?"ன்னு ஹால்லேருந்து கேட்டா.

"நின்னுச்சு"ன்னேன். பொய் இல்ல. நின்னுச்சு, அப்புறம் போயிடுச்சு.

வேற கிரீம் வாங்கக் கடைக்கு ஓடிடலாம்னு செருப்பை மாட்டினேன், வாசல்ல பெல் அடிக்குது. மேலிடம். சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னாடியே.

அக்காவும் தங்கச்சியும் ஹால்ல பேசிக்கிட்டிருந்த நேரத்துல தண்ணியை வடிச்சேன், வெண்ணெயில சர்க்கரையைப் பிசைஞ்சேன், அதைப் பழத்து மேல வெச்சேன். சுவத்து ஓட்டையை அடைச்சுப் பட்டி பார்க்கிற தகடு புதுசா ஒண்ணு பிரிக்காம இருந்துச்சு. அதால மேல ஒரு இழுப்பு இழுத்து விட்டேன். கண்ணாடி மாதிரி வந்துச்சு. மூணு டம்ளரையும் ஃபிரிட்ஜ்ல வெச்சுட்டு சுவத்தைத் துடைச்சேன்.

எங்க சாப்பாட்டு மேஜை சமையலறையிலேயேதான். சாப்பாடு கடையில வாங்கினது, அதை விடுங்க. சாப்பிட்டு முடிச்சதும் டம்ளரைக் கொண்டாந்து வெச்சேன். மேலிடம் மூக்குக்கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க.

"பரவாயில்லையே மாப்பிள்ளை. இதுவும் கடையில வாங்கினதா?"

"நானே செஞ்சதுதான்க்கா. இதெல்லாம் ஒரு வேலையா?"

ஸ்பூனை வெச்சாங்க. டக்குன்னு சத்தம் வந்துச்சு, உள்ள இறங்கல. ஃபிரிட்ஜ்ல வெச்ச வெண்ணெய் எப்படி இறங்கும்? இன்னும் அழுத்தினாங்க, ஸ்பூன்தான் வளைஞ்சுது. என் மனைவி இடது கையால ஒரு குத்து குத்திப் பார்த்துட்டு என்னை நிமிர்ந்து பார்த்தா. அந்த நேரம் பார்த்து மேலேருந்து ஒரு சொட்டு கிரீம் இறங்கி, மேலிடத்தோட மூக்குக்கண்ணாடியில விழுந்துச்சு.

மூணு பேரும் அண்ணாந்து பார்த்தோம். ஊர்ல உள்ள சீலிங்கை எல்லாம் அண்ணாந்து பார்த்தே பிழைக்கிறவன், என் வீட்டு சீலிங்கைப் பார்க்க மறந்துட்டேன்.

மேலிடம் கண்ணாடியைக் கழட்டிப் பொறுமையாத் துடைச்சாங்க. "துணிமணி எடுத்து வெச்சுட்டியாடி? கிளம்பலாம்"னாங்க.

அவ எழுந்தா. நாற்காலி நகர்ற சத்தம் கேட்டதும் எனக்குத் தாங்கல.

"போகாதே"ன்னேன். "நீ இல்லாம இந்த வீட்டுல என்னால இருக்க முடியாது. எனக்குப் பயமா இருக்கு."

அவ அப்படியே உக்காந்துட்டா. அதோட விட்டிருக்கலாம். நான் விடுவேனா?

"காலையில காபி போட்டுத் தருவேன். துணி துவைப்பேன். தலை வாரி விடுவேன். இன்னிக்கு வாரினதே நான்தான்க்கா, வகிட்டைப் பாருங்க, நூல் பிடிச்சு எடுத்தது. சமையல் கத்துக்கிறேன். சீலிங்குக்கு ரெண்டு கோட்டு அடிச்சிடுறேன். வேணும்னா இந்தக் கிரீமைக்கூட மறுபடியும்..."

என் மனைவி மாவுக்கட்டுக் கையைத் தூக்கி என் கை மேல வெச்சா.

"முனை நின்னாச்சுங்க"ன்னா. "நிறுத்துங்க."

நிறுத்திட்டேன். மேலிடம் வளைஞ்ச ஸ்பூனை நிமித்தி, வெண்ணெயில ஓரமாச் சுரண்டி வாயில போட்டுப் பார்த்தாங்க. அப்புறம், "வீட்டுல பிரெட் இருந்தா எடுத்துட்டு வாங்க மாப்பிள்ளை"ன்னாங்க.