சாத்தாமல் வந்த படல்

எட்டாவது சுற்றில் மூங்கில் படலைத் திறந்துவிட்ட தேவகுமாரியம்மா, வழக்கம்போல ஒதுங்கி நிற்காமல் என் சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, இன்னைக்கு உங்களுக்குப் பொறந்த நாளுங்களாமா? முதுகுல எழுதியிருக்குதுன்னு உங்களத் தாண்டிப் போனவங்க சொன்னாங்க."

மகள் கவிப்பிரியா குத்திவிட்ட காகிதம் அது. 'இன்று ஐம்பது, வழி விடவும்' என்று எழுதியிருந்தாள். ஐம்பது வயதானால் மற்றவர்கள் சேர்வராயன் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டுத் தூங்குவார்கள். சேலத்தில் மோட்டார் பம்ப் கடை நடத்தும் எனக்குத்தான் கொட்டச்சேட்டுக் காப்பித் தோட்டங்களுக்குள் ஆறு மணி நேரம் மலை சைக்கிள் ஓட்டும் போட்டியில் புத்தி போயிற்று. மூன்று வருடமாக ஞாயிறுதோறும் குப்பனூர் மலை ரோட்டில் ஏறிப் பழகிய திமிர். ஐம்பது வயதைத் தொட்டவர்களுக்கென்று தனியாக மூன்று பரிசுகள். அப்போது நான் மூன்றாவது இடத்தில் இருந்தேன். ராசிபுரத்து வாத்தியார் பிரபாகர் எனக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்.

"நேரமாகுதுங்கம்மா," என்றேன்.

"போங்க சாமி. ஊட்டுல நம்ம மரத்துக் கமலாப்பழம் வெச்சிருக்கறேன். அடுத்த சுத்துக்குள்ள எடுத்தாறேன். காலு நொம்ப வலிக்குது, மெதுவாத்தான் வருவேன். நான் இல்லீன்னா நீங்களே தொறந்து, சாத்திட்டுப் போயிருங்க."

"சரிங்கம்மா, சாத்திட்டுப் போறேன்," என்றேன். வாயால் சொன்ன வார்த்தை இது. பிற்பாடு எத்தனை வழியில் யோசித்தும் இதை மட்டும் என்னால் மறந்துவிட முடியவில்லை.

படலுக்கு மேலே, எஸ்டேட் தன் ஆட்களுக்குக் கொடுத்த லைன் வீடுகளில் இருப்பவர்களின் மாடுகள் மேயும். கீழே காப்பி நாற்றுப் பண்ணை. எஸ்டேட் கணக்குப்பிள்ளையான ரைட்டர் காலையில் மைக்கில் ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னார்: திறந்தவர்தான் சாத்த வேண்டும், பின்னால் ஆள் வந்தாலும் சரி, சாத்தாமல் வந்தவர் போட்டியில் இல்லை. மிளகு பறிக்கும் ஏணியிலிருந்து விழுந்து முட்டி போன பிறகு தேவகுமாரியம்மாவுக்கு எஸ்டேட் கொடுத்த வேலை இந்தப் படல்தான். கழுத்தில் ஒரு விசிலும் மாட்டிவிட்டிருந்தார்கள். வேலை இருக்கிறவரைக்கும் லைன் வீடு இருக்கும் என்று இரண்டாவது சுற்றிலேயே சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தார். என்னிடம் எதையும் மறைக்காமல் பேசினார். முகராசி என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஒன்பதாவது சுற்றுதான் கடைசி. பாதிப் பேர் களைத்து விலகியிருந்தார்கள்; மற்றவர்கள் முன்னால் போய்விட, எனக்குப் பின்னால் பிரபாகர் ஒருவர்தான் மிச்சம். படலருகே அம்மா இல்லை. இறங்கிப் படலை இழுத்து, சைக்கிளை உள்ளே தள்ளினேன். திரும்ப இழுத்துக் கம்பி வளையத்தை முளையில் மாட்ட அரை நிமிடமாவது ஆகும். தொடை இரண்டும் நடுங்கின. திரும்பிப் பார்த்தேன். மேலே வளைவில் பிரபாகரின் மஞ்சள் ஹெல்மெட். எப்படியும் இந்த வழியாகத்தானே வருவார், கடைசியாக வருகிறவர் சாத்திக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். இதில் பாதிதான் உண்மை. அந்த அரை நிமிடம் எனக்குப் போகாமல் அவருக்குப் போகட்டும் என்பதுதான் மீதி. ஐம்பது வயதில் இந்த அற்பப் புத்தி.

பிரபாகர் வரவில்லை. வளைவிலேயே செயின் அறுந்து, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு குறுக்கு வழியில் பஸ் ரோட்டுக்கு இறங்கிவிட்டார். முடிவுக் கோட்டருகே அவரே சிரித்தபடி இதைச் சொல்லிக் கை கொடுத்தார். மனைவி சரஸ்வதி வாயில் கேக்கைத் திணித்தாள். படல் திறந்தே கிடக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. அதற்குள் பண்ணைப் பக்கமிருந்து மாடுகளை விரட்டும் சத்தம் கேட்டது.

ஆறு மாடுகளாம். நான்கு பாத்தி நாற்று மிதிபட்டுப் போயிற்றாம். பந்தலுக்குப் பின்னால் ரைட்டர் தேவகுமாரியம்மாவிடம் குரலை உயர்த்தாமல்தான் பேசினார்.

"விசிலக் குடுங்கம்மா. நாளைல இருந்து படலுக்கு வேற ஆளு. ஊட்டைப் பத்தி மேனேஜர்கிட்டக் கேட்டுச் சொல்றேன்."

அம்மா விசிலைக் கழற்றிக் கொடுத்தார். திரும்பியபோது என்னைப் பார்த்துவிட்டார். காலை இழுத்து இழுத்து வந்து, மடியிலிருந்து ஒரு கமலாப்பழத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

"நேரத்துக்கு வர முடியலீங்க, கோவிச்சுக்காதீங்க. நீங்க சாத்திட்டுத்தான் போனீங்கன்னு ரைட்டருகிட்ட அடிச்சுச் சொல்லிப்போட்டேன். உங்களுக்குப் பொறகால வந்தவங்க ஆரோ பண்ணுன வேலைங்க இது."

எனக்குப் பின்னால் யாரும் வரவில்லை. அது எனக்கும் பிரபாகருக்கும் மட்டும் தெரியும். பிரபாகருக்குப் படல் விஷயம் தெரியாது.

"அம்மா, நான்..." என்று ஆரம்பிப்பதற்குள் மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். "போங்க சாமி, கூப்புடறாங்க," என்று அவரே என் முதுகில் தட்டி அனுப்பினார். கால்கள் மேடையேறின. கழுத்தில் மெடல் விழுந்தது. இன்று பிறந்தநாள் காணும் பொன்னுவேல் நாலு வார்த்தை பேசுவார் என்று சொல்லி மைக்கை நீட்டினார்கள். ஒரு கையில் மைக், இன்னொரு கையில் பழம். கவிப்பிரியா போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். ரைட்டர் கூட்டத்தின் ஓரத்தில் கையைக் கட்டி நின்றார். பழத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

நான் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே கைதட்டிய கூட்டம் ஓய்ந்த பிறகும் ஒருவர் மட்டும் தட்டிக்கொண்டிருந்தார். வெறும் கழுத்தோடு நின்றிருந்த தேவகுமாரியம்மாதான்.