மரமில்லாத இடத்தில் ஐசோப்ரீன்

என் கணவர் மாதிரி எடுக்கப் போகும் நாட்களில் வீட்டில் சோப்பு, பவுடர் எதையும் தொட மாட்டார். "கிட்ட வராதே தாயே, உன் பவுடரும் ரிப்போர்ட்ல ஏறிடும்" என்பார். காற்றில் கலந்த ஆவிகளை எஃகு உருளையில் பிடித்து வருவது அவர் வேலை. அவை எங்கிருந்து வந்தன என்று கருவியில் பிரித்துப் பார்ப்பது என் வேலை.

அன்று ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்திலிருந்து வந்த உருளையை ஏற்றியதும், கருவியின் திரையில் பெட்ரோல் ஆவியின் கோடு மலையாக நின்றது. அசெட்டிலீன் இல்லவே இல்லை. வண்டிப் புகையென்றால் அது இருந்தே தீரும். இது எரியாத பெட்ரோல். பக்கத்துப் பெட்ரோல் பங்க்கின் நிலத்தடித் தொட்டி கசிகிறது, ஒரு பொறி போதும் என்றேன்.

இயக்குநர் ஒப்பவில்லை. "ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட்டுட்டு அதே கையோட போயிருப்பார். உங்க வீட்டுக்காரர் கைவாசனைக்காக அத்தனை குடும்பத்தையும் நடுத்தெருவுல நிறுத்தச் சொல்றீங்களா?"

பக்கத்தில் நின்ற என் கணவரின் முகம் சுண்டிப்போயிற்று. "நடந்தே போறேன் சார்" என்று புது உருளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

உருளையை அலுவலக டிரைவர்தான் கொண்டுவந்தார். "சார் அங்கேயே நின்னுட்டாரும்மா. கதவு கதவா தட்டிக்கிட்டிருக்கார். பாதிப் பேர் திட்டுறாங்க."

கருவியில் ஏற்றினேன். கெஞ்சினாலும் திட்டினாலும் அதற்கு ஒரே வேகம்தான். கோடு மெல்ல மெல்ல எழும்பியது. அதே மலை. இயக்குநர் பதறித் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டார். நான் இவருக்குப் போட்டேன்.

"கசிவுதாங்க. வெளியே வந்துடுங்க."

"மூக்கை என்ன வாடகைக்கா விட்டிருக்கேன்? எனக்கும் தெரியும்டி." மூச்சு வாங்கியது. "மாடியில ஒரு வீடுதான் பாக்கி. காது கேக்காதவர். கூட்டிட்டு வந்துடறேன்."

அந்த மனிதர் முன்னால் இறங்கி வாசலைத் தாண்டிவிட்டார். இவர் கடைசிப் படியில் இருந்தபோது, கீழ்த்தளத்துத் தண்ணீர் மோட்டார் தானாக ஓடத் தொடங்கியது.

காரியங்கள் முடிந்து நான் மறுபடி வேலைக்குப் போனபோது இயக்குநரின் குரல் இறங்கியிருந்தது. "எல்லாத்துக்கும் மூலம் போட்டாச்சும்மா. ரெண்டாவது உருளையில இந்த ஐசோப்ரீன் மட்டும் இடிக்குது. மரம் விடுற ஆவி. அங்க ஒரு செடிகூட இல்லையே. ரிப்போர்ட்லேருந்து அடிச்சிடட்டுமா?"

மனிதர் மூச்சிலும் அது உண்டு. அதனால்தான் உருளையைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அவர் அதில் தவறியதே இல்லை. அன்று ஓடியே போயிருக்கிறார். மூச்சிரைக்க, உருளையின் வாயருகே குனிந்திருக்கிறார்.

"அடிக்காதீங்க சார்" என்றேன். "எங்கிருந்து வந்ததுன்னு எனக்குத் தெரியும்."