அசைந்தால் ஓடும்

கண்டக்டருக்கு வாட்ச் பைத்தியம் பிடித்ததற்கு பஸ்ஸின் மேல்கம்பிதான் காரணம். வேறு யார்மேலும் பழி போடுவதற்கில்லை. காலை நெரிசலில் அந்தக் கம்பியைப் பிடித்துத் தொங்கும் கைகளெல்லாம் சரியாக அவர் கண்ணுக்கு நேரே வந்து நிற்கும். மற்ற கண்டக்டர்கள் முகத்தைப் பார்த்துச் சில்லறை கேட்டார்கள், இவர் மணிக்கட்டைப் பார்த்துக் கேட்டார். தினமும் வருகிற பாதிப் பேரின் முகம் அவருக்குத் தெரியாது. சதுர டயல் எங்கே ஏறும், தேய்ந்த தோல்வார் எங்கே இறங்கும் என்பது மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்.

பார்ப்பதோடு நின்றிருந்தால் யாருக்கு நஷ்டம்? ஆசை யாரை விட்டது? நடைபாதையில் பழைய சாமான் பரப்பி விற்பவனிடம் கண்ணாடி விரிசல் விட்ட வாட்ச் ஒன்றை வாங்கிப் பழுது பார்த்துக் கட்டிக்கொண்டார். கட்டிய அன்று தன் கையையே ரசித்துக்கொண்டு நின்றதில் விசில் ஊத மறந்து, டிரைவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. அப்புறம் ஒன்றுக்குத் துணையாக இன்னொன்று வந்தது. கட்டுவதற்கு என்று வாங்கியது போய், கட்டாமல் வைத்திருப்பதற்கென்றே வாங்க ஆரம்பித்தார். வாரவிடுமுறை வந்தால் மனிதரை வீட்டில் பார்க்க முடியாது. ஏதாவது ஒரு வாட்ச் ரிப்பேர் கடையின் முக்காலியில், ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிய ஆளுக்குப் பக்கத்தில் தவம் கிடப்பார்.

வீட்டுக்காரி சும்மா இருக்கிற ஆள் இல்லை. பெரிய தையல் கடையில் கட்டிங் மாஸ்டர் அவள். கோடு போடாமலேயே துணியில் கத்தரியை விட்டால், தைத்து முடிக்கும்போது அரை விரற்கடை கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது. கடையில் முதலாளி முதற்கொண்டு எல்லாருக்கும் அவள் மாஸ்டரம்மா. வாட்ச்சுகளுக்கு அவள் வைத்த பெயர் சக்களத்திகள். “வந்தது ஒரே புருஷன், கூடவே வந்தது ஒரு அலமாரி சக்களத்தி” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். சிரித்துவிட்டு, வெட்டி விழுந்த துணித் துண்டுகளைக் கொண்டுவந்து ஒவ்வொரு சக்களத்திக்கும் ஒரு சின்னப் பை தைத்துக் கொடுப்பாள். ஒரு பைக்கு வந்த துணி இன்னொன்றுக்கு வராது. இருட்டில் தடவிப் பார்த்தே எந்த வாட்ச் என்று கண்டக்டர் சொல்லிவிடுவார் என்றால் அது அவள் புண்ணியம்தான்.

அந்தக் கூட்டத்தில் பட்டத்து ராணி ஒன்று உண்டு. நீல டயல் ஆட்டோமேட்டிக். வக்கீல் குமாஸ்தா ஒருவர் கையில் வருஷக்கணக்காகக் கம்பியில் தொங்கியதை இவர் கண்ணாலேயே தேய்த்துக்கொண்டிருந்தார். ஊரை விட்டுப் போகும்போது குமாஸ்தா வேறு யாருக்கும் தராமல் இவரைத் தேடி வந்து கொடுத்தார். வாங்கிய கொஞ்ச நாளில் கண்டக்டர் காய்ச்சலில் படுத்துவிட்டார். எழுந்து பார்த்தால் வாட்ச் நின்றிருந்தது. ஏமாந்துவிட்டோமே என்று வயிறு எரிய ரிப்பேர்காரரிடம் ஓடினார். அவர் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். “இதுக்குச் சாவியெல்லாம் வேண்டாம். கை அசைஞ்சா உள்ள இருக்கிற எடை சுத்தும், ஓடும். வாட்ச்சுக்கு ஒண்ணுமில்ல, நீங்கதான் அசையல” என்றார். இதைக் கேட்டதிலிருந்து மாஸ்டரம்மாவுக்குக் கொண்டாட்டம். கண்டக்டர் லீவு நாளில் சாய்ந்து படுத்தால் போதும், “என்னங்க, நின்னுட்டீங்களா?” என்று தோளைப் பிடித்து ஆட்டிவிட்டுப் போவாள்.

இப்படி இருந்த வீட்டில்தான் அது நடந்தது. ஒரு நாள் காலை கட்டிங் மேஜையில் நின்றவள், கையிலிருந்த கத்தரி தரையில் விழுந்த சத்தத்தைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள். தன் கையிலிருந்துதான் விழுந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது பேச்சு குழறலாகத் திரும்பியிருந்தது. காலில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. வலது கை மட்டும் வரவில்லை. போர்வைக்கு வெளியே, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி கிடந்தது.

பயிற்சி கொடுக்க ஒரு பெண் வீட்டுக்கே வந்தாள். அவள் சொன்ன ஒரு சொல்தான் கண்டக்டரின் மண்டைக்குள் புகுந்துகொண்டது. “துளி அசைவு தானா வந்தாக்கூட உடனே சொல்லுங்க. அது வந்துட்டா மீதியை நான் இழுத்துட்டு வந்துடுவேன்.” வராவிட்டால் என்ன என்று அவளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. பள்ளிச் சீருடை வேலை வரும்வரை மேஜையைக் காலியாகவே வைத்திருப்பதாகக் கடை முதலாளி சொல்லியனுப்பியிருந்தார். அந்த மேஜைக்கு அவளைத் திரும்பக் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு. வேலைக்கு லீவு போட்டுவிட்டு அந்தக் கையை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். நான் அசந்த நேரத்தில் அசைந்திருந்தால்? குளிக்கப் போன நேரத்தில் விரல் துடித்திருந்தால்?

அப்போதுதான் அலமாரியைத் திறந்து, ஓட்டம் நின்று கிடந்த நீல டயலை எடுத்தார். முள்ளைப் பன்னிரண்டில் வைத்து, செயலற்ற மணிக்கட்டில் பச்சைப் பிள்ளையைத் தொடுவதுபோல் கட்டினார். கட்டும்போது பட்ட ஆட்டத்தில் ஓடினால், அடங்கும்வரை காத்திருந்து முள்ளைத் திரும்பவும் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்தார். அவளைப் புரட்டிப் படுக்க வைக்கும்போதும், அந்தப் பெண் பயிற்சி கொடுக்கும்போதும் முதலில் கழற்றிவிடுவார். மற்றபடி காலையில் கட்டினால் சாயங்காலம் பார்ப்பது. முள் எவ்வளவு நகர்ந்திருக்கிறதோ, கை அவ்வளவு அசைந்திருக்கிறது என்று கணக்கு.

“கடைசில சக்களத்தியை என் கையிலேயே கட்டிட்டீங்க” என்று மாஸ்டரம்மா குழறலாகச் சொல்லிப் பாதி வாயால் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

சாயங்காலம் பன்னிரண்டு. மறுநாளும் பன்னிரண்டு. அதற்கடுத்த நாளும் அதே. ஒவ்வொரு சாயங்காலமும் வாட்ச்சைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிரும்போது அவர் முகம் போகிற போக்கு இருக்கிறதே, அதை அவர் அறியமாட்டார். படுத்திருக்கிறவளுக்கு அதைத் தவிர வேறென்ன பார்க்க இருந்தது? ஒரு நாள் அவளே மெல்ல ஆரம்பித்தாள். “இது செத்த கைங்க. எனக்குத் தெரியாதா? மேஜையை யாருக்காவது குடுத்துடச் சொல்லுங்க. அங்க வேலை கெட்டு நிக்குது.” கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் குரலை உயர்த்தாத மனிதர் அன்று வீடே அதிரக் கத்தினார். அவள் அதற்கப்புறம் மேஜையைப் பற்றிப் பேசவே இல்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம் முள் பன்னிரண்டைத் தாண்டி நின்றது. கண்டக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. கட்டிக்கொடுத்த மகளுக்கு போன் போட்டு, விஷயத்தைச் சொல்லி அழுதார். மறுநாள் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஓடியிருந்தது. பயிற்சிப் பெண் வந்து விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, ஊசி முனையால் லேசாகக் குத்தியும் பார்த்து, தனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று தயங்கினாள். உனக்கென்ன தெரியும், வாட்ச் பொய் சொல்லாது என்று அவளிடம் சண்டைக்குப் போனார். கடைக்குப் போய், மாஸ்டரம்மா வந்துகொண்டே இருக்கிறாள், மேஜைமேல் யாரும் கை வைக்கக்கூடாது என்று முதலாளியிடம் அடித்துச் சொல்லிவிட்டு வந்தார்.

ஒரு மத்தியானம் மருந்து வாங்கக் கிளம்பியவர், டாக்டர் சீட்டை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பினார். செருப்பைக் கழற்றும்போது ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். மாஸ்டரம்மா இடது கையால் வலது மணிக்கட்டைக் கவ்விப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. ஆட்டுவாள், கையைத் தூக்கி டயலைப் பார்ப்பாள், போதாது என்று தோன்றும்போல, திரும்பவும் ஆட்டுவாள். கடைசியில் மூச்சு வாங்க அந்தக் கையை எடுத்து, காலையில் அவர் வாட்ச் கட்டி வைத்த அதே இடத்தில், அதே மாதிரி வைத்துப் போர்வையை நீவிவிட்டாள்.

கண்டக்டர் செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போனார். தெருமுனை பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தார். பஸ்கள் வந்து போயின. ஒவ்வொன்றிலும் கம்பி நிறையக் கைகள். தலையில் அடித்துக்கொண்டு ஓவென்று அழ வேண்டும்போல் இருந்தது. கை போய்விட்டது என்று துக்கப்படுவதா, போன கையை எனக்காக ஆட்டிக்கொண்டிருக்கிறாளே பாவி என்று துக்கப்படுவதா? இருட்டுகிற நேரத்தில் எழுந்து போனார். கதவைச் சத்தமாகத் திறந்தார். வாட்ச்சைக் குனிந்து பார்த்து, “பரவாயில்லையே, இன்னைக்கு நல்லாவே ஓடியிருக்கு” என்றார். அவள் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாள். தேர்வில் தேறிய பிள்ளை விடுகிற மூச்சு அது.

அதற்கப்புறம் தினமும் அந்த நாடகம்தான். அவள் ஆட்டட்டும் என்று மத்தியானம் வேண்டுமென்றே வெளியே போவார். மறந்தும் சீக்கிரம் திரும்பமாட்டார். அவளுடைய இடது தோள் வலிக்க ஆரம்பித்தது. திரும்பிப் படுக்கும்போது முகம் சுளிப்பதை அவர் பார்த்தார். இதை நிறுத்திவிட வேண்டும் என்று தினமும் நினைப்பார். நிறுத்துவதென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் அவள் எனக்காகச் செய்கிற இந்த ஒன்றும் பறிபோகும், பிறகு அவளுக்கு என்னதான் மிச்சம்?

சீருடை வேலை வந்துவிட்டது. முதலாளி நல்லவர், வாயைத் திறந்து கேட்கவில்லை, ஆனால் எத்தனை நாள் அவரும் பொறுப்பார்? மகள் அம்மாவைப் பார்க்க வந்திருந்த ஒரு நாள், அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுக் கண்டக்டர் கடைக்குப் போனார். மேஜையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொன்னார். அதைச் சொல்ல எவ்வளவு நேரம் பிடித்தது என்று அவருக்குத்தான் தெரியும். முதலாளி மேஜை டிராயரைத் திறந்து, மாஸ்டரம்மாவின் கத்தரியைப் பேப்பரில் சுற்றி அவர் கையில் கொடுத்தார். கைப்பிடியில் அவள் சுற்றி வைத்திருந்த துணி கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் நைந்திருந்தது. வீட்டுக்கு வந்து யாருக்கும் தெரியாமல் அதை அலமாரியில், வாட்ச்சுப் பைகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தார்.

மகள் சாயங்காலம்தான் கிளம்பினாள். காலையிலிருந்து அம்மாவின் பக்கத்தை விட்டு நகரவில்லை. தலைவாரி, கால் பிடித்து, கதை பேசி, அம்மா தூங்கும்போதுகூட அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம். வாசல்வரை வழியனுப்பிவிட்டுக் கண்டக்டர் உள்ளே வந்தார். வழக்கம்போல வாட்ச்சிடம் போனார். மாஸ்டரம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணில் இருந்தது பயம். ஐயோ, இன்று ஆட்ட முடியவில்லையே, இந்த மனிதர் முகம் இனி எப்படிப் போகுமோ என்கிற பயம்.

குனிந்து பார்த்தார். பன்னிரண்டு.

கத்தரியைக் கொண்டுவந்து ஒளித்து வைத்த அன்றைக்கு அந்தப் பயத்தையும் பார்க்க அவரால் முடியவில்லை. இன்று ஒரு நாளாவது இவளுக்கு விடுமுறை கிடைக்கட்டும். அதற்குமேல் யோசிக்கவே இல்லை. வெளிச்சத்தில் பார்ப்பதுபோல வாட்ச்சைக் கழற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். ஆயுள் முழுக்க வாட்ச்சோடு பழகிய விரல்களுக்கு அது ஒரு வேலையா? முள்ளைத் திருகி இரண்டைத் தாண்டி வைத்தார். நாலு ஆட்டு ஆட்டினார். ஓட ஆரம்பித்தது.

“அடேயப்பா, இன்னைக்குத்தான் எல்லா நாளையும்விட ஜாஸ்தி” என்று அவள் கண்முன் காட்டினார்.

அவள் டயலைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. இடது கையை நீட்டி வாட்ச்சை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டாள். ரொம்ப நேரம் கேட்டாள்.

“என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது.”

“சொல்லு.”

“இத்தனை நாளும் நான்தான் ஆட்டினேன். சாயங்காலமானா உங்க முகத்தைப் பார்க்க முடியல. அதான்.” வாட்ச்சை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். “ஆனா இன்னைக்கு நான் தொடவே இல்லைங்க. நம்ம பொண்ணு என் கையை விடவே இல்ல. தானா ஓடியிருக்குங்க. என் கை தானா அசைஞ்சிருக்கு.”

கண்டக்டர் அலமாரியில் சாய்ந்துகொண்டார். படுத்த நாளிலிருந்து அந்த முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை அவர் பார்த்ததில்லை. தன் கை செத்ததென்று இந்த வீட்டில் முதலிலிருந்தே தெளிவாகத் தெரிந்திருந்தவள் அவள் ஒருத்திதான். அந்தத் தெளிவையும் இன்று நாலு ஆட்டில் கெடுத்துவிட்டார்.

“நாளைக்கே கடைக்குப் போயிட்டு வாங்க” என்றாள் அவள். குழறல்கூடக் குறைந்திருந்தது. “மேஜையை யாருக்கும் குடுத்துட வேண்டாம்னு முதலாளிகிட்டச் சொல்லுங்க. என் கத்தரியைத் துரு பிடிக்க விட்டுடப் போறாங்க, எண்ணெய் போட்டு வைக்கச் சொல்லுங்க.”

முதுகுக்குப் பின்னால் அலமாரிக் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“சொல்றேன்” என்றார்.