மற்றக் கொலை

நமசிவாயத்தை மண்வெட்டிப் பிடியால் அடித்துக் கொன்றவன் குட்டியன். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, குட்டியனுக்கே இல்லை. நீதிபதி கேட்டபோது, "ஓம், நான்தான்" என்றான். தூக்கு என்று தீர்ப்பாயிற்று. எங்கள் ஊர் நிம்மதியாகச் சாப்பிட்டுப் படுத்தது.

நடந்தது என்னவென்று கேளுங்கள். அன்று விடியற்காலை தொடங்கி நமசிவாயத்தின் புகையிலைத் தோட்டத்தில் குட்டியன் துலா மிதித்துத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். வீட்டில் அவனுடைய சின்ன மகள் வயிற்றோட்டத்தில் கிடந்தாள். அவர்கள் தண்ணீருக்குத் தோண்டி வைத்திருந்த துரவு பங்குனி வெயிலில் வற்றிச் சேறாகியிருந்தது. அவன் பெண்சாதி பொன்னி குடத்தோடு வீடு வீடாய், படலை படலையாய்ப் போனாள். ஊர்க் கிணறு எதையும் அவள் சாதியார் தொடக்கூடாது. யாராவது மனம் வைத்து அள்ளி ஊற்றவேண்டும். ஒரு வீட்டில் விரதம், முழுகியாயிற்று என்றார்கள். இன்னொரு வீட்டில் சமையல் முடியட்டும் என்றார்கள். நமசிவாயத்தின் தம்பி தம்பிஐயா, பொழுதுபட வா என்று சொல்லிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார்.

கடைசியில் அவள் தோட்டத்துக்கு ஓடிவந்தாள். வாய்க்காலில் குனிந்தவளைத் தள்ளி நிற்கச் சொல்லி நமசிவாயம் அதட்டினார். குட்டியன் துலாவிலிருந்து இறங்கினான்.

"நயினார், பிள்ளைக்கு நாக்கு வறண்டு போச்சாம். ஒரு வாளி ஊத்திவிடுங்கோ."

"இறைப்பு முடியட்டும், பொறு."

அவன் மிதித்த மிதியில் வந்த தண்ணீர் புகையிலைக்குப் போகலாம். அவன் பிள்ளைக்குப் போகக்கூடாது! குட்டியன் தானே வாளியைக் கிணற்றில் விட்டு அள்ளிக் குடத்தில் ஊற்றினான். நமசிவாயம் குடத்தைக் காலால் உதைத்து உடைத்தார். அப்போதுதான் மண்வெட்டி அவன் கைக்கு வந்தது.

நமசிவாயத்தின் மனைவி சிவக்கொழுந்து அன்று உறவினர் ஒருவரின் அந்தியேட்டிச் சடங்குக்குக் கீரிமலை போயிருந்தாள். மாலையில் திரும்பியபோது முற்றத்தில் புருஷன் பிணமாகக் கிடந்தார். அதற்குள் பொன்னியின் பிள்ளையும் செத்துப்போயிற்று. எந்தெந்த வீட்டில் பொன்னிக்கு என்ன சொன்னார்கள் என்பதும் சிவக்கொழுந்தின் காதுக்கு எட்டியது.

ஊர் என்ன செய்தது தெரியுமா? தோட்டத்தில் நமசிவாயம் விழுந்து கிடந்த இடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். குட்டியன் வாளியைத் தொட்டதற்குக் கிணற்றையே மூன்றுதரம் இறைத்தார்கள். அத்தனை தண்ணீரும் ஒழுங்கையில் வீணாய் ஓடியது. அதைப் பார்த்த சிவக்கொழுந்துக்கு அழுகை நின்று ஆத்திரம் வந்தது.

வழக்கில் பிள்ளையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. சிவக்கொழுந்து சொல்லப்போனாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்றார்கள். தீர்ப்புக்குப் பிறகு, குட்டியனுக்காக வழக்குப் பேசிய பிரக்கிராசியாரிடம் அவளே போனாள். பிள்ளை தண்ணீர் கிடைக்காமல் செத்ததென்று ஊர் அதிகாரியான விதானையார் எழுதித் தந்தால் தேசாதிபதிக்குக் கருணை மனுப் போடலாம், தூக்கு சிறை மறியலாக மாறக்கூடும் என்றார் அவர்.

அவள் போனபோது விதானை பரமலிங்கம் சாய்மனைக் கதிரையில் இருந்தார். பக்கத்தில் தம்பிஐயாவும் இருந்தார்.

"ஒரு முறைப்பாடு எழுதவேணும், விதானையார்."

"என்ன, கோழி களவு போச்சோ?"

"கொலை."

"அதுக்குத்தானே தீர்ப்பாச்சு?"

"அது என்ரை மனிசன்ரை கொலை. நான் சொல்லுறது பொன்னியின்ரை பிள்ளையின்ரை கொலை."

தம்பிஐயா துள்ளி எழும்பினார். "மச்சாள், அண்ணையைச் சாக்காட்டினவனுக்கோ வக்காலத்து?"

"சாக்காட்டினவன்தான். நான் அவனை மன்னிக்கேல்லை. சாகுமட்டும் மறியலிலை கிடந்து கல்லுடைக்கட்டும். ஆனால் ஒரு கொலைக்குக் கயிறு, மற்றக் கொலைக்குக் கிணறு இறைப்போ?"

"சரி, ஆர் செய்தது? பேரைச் சொல்லும்" என்றார் விதானையார்.

"விரதமெண்ட வீடு. சமையலெண்ட வீடு. பொழுதுபட வாவெண்ட இவர். பொறு எண்ட என்ரை மனிசன். எத்தினையோ நாள் பொன்னியை வெயிலிலை காக்கவைச்ச என்னையும் சேர்த்து எழுதுங்கோ."

விதானையார் விழுந்து விழுந்து சிரித்தார். "உமக்கென்ன விசரே? வளவுக்கு வளவு கிணறு இருக்கிற ஊரிலை ஒரு பிள்ளை தண்ணியில்லாமல் செத்ததெண்டு எழுதினால் ஆர் நம்புவினம்?"

"அதைத்தான் சொல்லுறன். அதை அப்பிடியே எழுதுங்கோ."

சிரிப்பு நின்றது. ஆனால் அவர் எழுதவில்லை. ஊரின் மானம் போய்விடுமாம்! ஒரு மனிதனின் உயிர் போகலாம், அதற்குக் காரணமான ஊரின் மானம் மட்டும் போகக்கூடாது. இப்படியும் ஒரு மானமா?

புரட்டாதியில் குட்டியனைத் தூக்கிலிட்டார்கள். அன்று கோயிலில் நமசிவாயத்தின் பேரில் அபிஷேகம் நடந்தது. தம்பிஐயா திருநீறும் கையுமாய் வந்தார்.

"மச்சாள், அண்ணைக்கு இண்டைக்குத்தான் நியாயம் கிடைச்சுது."

சிவக்கொழுந்து கை நீட்டவில்லை.

"அப்ப மற்றக் கொலைக்கு எப்ப தூக்கு?" என்று கேட்டாள். "சொல்லுங்கோ தம்பி, எங்களிலை ஆர் முதல் ஏறுறது?"