இடம் மாறிய டெஸ்ட்

வெல்டர் லேசில் ஏமாறுகிற ஆள் இல்லை. தங்கை புருஷனை வெளிநாட்டு வேலைக்கு அனுப்புவது என்று முடிவானதும், ஏஜென்ட்டின் லைசென்ஸ் அசல்தானா என்று அரசாங்க அலுவலகத்துக்கே போய் விசாரித்துவிட்டு வந்தார். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று ஆசை காட்டிய ஒருவனை வாசலோடு திருப்பி அனுப்பினார். ஒப்பந்தத்தைப் படித்துப் புரிந்துகொள்ளாமல் கையெழுத்துக் கிடையாது என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"எங்கண்ணன் பார்த்துட்டா அப்புறம் அப்பீலே கிடையாது" என்று தங்கை பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னாள்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் மாப்பிள்ளைக்கு வெல்டிங் வராது. பட்டறையில் இரும்பைப் பிடித்துக் கொடுப்பார், தேய்ப்பார், பெயின்ட் அடிப்பார். கம்பெனி கேட்டதோ குழாய் வெல்டர்.

வெல்டரும் அதே வேலைக்கு மனுப் போட்டிருந்ததால் டெஸ்டுக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். அடுத்தடுத்த தடுப்பில் இடம் கிடைத்தது. முகமூடியை இறக்கிவிட்டால் யார் மாப்பிள்ளை, யார் மச்சான் என்று கட்டியவளுக்கே தெரியாது. மேற்பார்வையாளர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து இடம் மாறிக்கொண்டார்கள்.

"மாட்டிக்கிட்டா என்ன பண்றது மச்சான்?"

"ஒண்ணும் ஆகாது மாப்ள. நீங்க முதல்ல போங்க. நான் அடுத்த தடவை கண்ணை மூடிக்கிட்டு பாஸ் பண்ணிடுவேன். அங்க நாலு பேரு செய்யறதைப் பார்த்தா வேலை தானா வந்துடும்."

மாப்பிள்ளை பெயருக்கு வெல்டர் பற்றவைத்த குழாயை மேற்பார்வையாளர் விரலால் தடவிப் பார்த்து, "இதுதான்யா கை" என்றார். வெல்டர் பெயருக்கு மாப்பிள்ளை பற்றவைத்தது பெயிலாகிவிட்டது. பெயிலானவர்களோடு நின்றுகொண்டு வெல்டர் உள்ளுக்குள் பூரித்துப்போனார். அந்தப் பூரிப்பை இப்போது நினைத்தால் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

வெளிநாட்டில் சர்டிபிகேட்டை நம்பிய போர்மேன் மாப்பிள்ளையை நேராக நீராவிக் குழாய் வேலையில் விட்டார். வெல்டிங் ராடை எப்படிச் சாய்ப்பது என்று வெல்டர் போனிலேயே பாடம் நடத்தினார். அந்தப் பாடம் எடுபடவில்லை. மாப்பிள்ளை போட்ட இணைப்பு பிளந்து, அவருடைய வலது கை முழங்கை வரை வெந்துபோயிற்று.

இன்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. திரையில் கட்டுப் போட்ட கையைப் பார்த்ததும் தங்கை வெடித்து அழுதாள். கொஞ்சம் அடங்கியதும், "நஷ்டஈடு தருவாங்கல்ல அண்ணே? எல்லாம் நீ பார்த்ததுதானே" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் முகம் கழுவப் போனாள்.

மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார்.

"டெஸ்ட்ல பத்தவெச்சது நீ இல்லையேன்னு கேட்டாங்க மச்சான். ஆமாம்னு ஒத்துக்கிட்டேன். யாரோ முன்பின் தெரியாத ஆளைப் பிடிச்சு உட்கார வெச்சேன்னு சொல்லிட்டேன். நஷ்டஈடு கிடையாதாம், கை தேறினதும் ஊருக்கு அனுப்பிடுவாங்களாம். உங்க பேரு வெளிய வரல. நீங்க அடுத்த டெஸ்டுக்குப் போங்க. இனிமே ரெண்டு வீட்டுக்கும் உங்க கைதான்."

தங்கை முந்தானையில் முகத்தைத் துடைத்தபடி வந்தாள்.

"என்னண்ணே சொல்றாரு?"

வெல்டர் அவளை உட்காரச் சொன்னார்.