கோவிந்தா நூத்தியெட்டு

திருச்சானூரில் கோயிலுக்குப் பின்தெருவில் உள்ள லாட்ஜில் ஏழு வருஷமாகப் பெருக்கித் துடைக்கிறேன். ஒரு தலையணை உறைகூட என் கையில் காணாமல் போனதில்லை. அப்படிப்பட்டவளை, போன வாரம் முதலாளி சம்பத், துணி வெளுக்கிற ஆறு பேர் முன்னால் நிற்கவைத்துக் கை நீட்டிக் காட்டினார்.

"இந்தச் செங்கமலம்தான் பாஸ்வேர்டை வெளிய விட்டவ."

லாட்ஜின் வை-ஃபையில் நுழைந்து எவனோ ஒரு பெண்ணின் படத்தை அசிங்கமாக்கிப் பரப்பியிருக்கிறான். போலீஸ் வந்து கேட்டதும் இவருக்குக் காட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது. நானோ சாயங்கால வகுப்பில் எழுத்து படிக்கிறவள். வை-ஃபை பெட்டிமேல் பாஸ்வேர்டு எழுதி ஒட்டியிருந்த சீட்டை நான் உற்றுப் பார்த்தேனாம்.

"சார், எனக்குத் தெரிஞ்சது தமிழும் தெலுங்கும்தான். அது இங்கிலீஷ்ல இருக்குது. ஒரு எழுத்து தெரியாது."

"எழுத்துன்னா எழுத்துதானே? நடிக்காத. ஒண்ணாந்தேதியில இருந்து வராத."

கைநாட்டாக இருந்தவரை என்மேல் ஒரு பழி வந்ததில்லை.

நேற்று சித்தூரிலிருந்து பிரமிளா என்ற பெண் வந்தாள். வை-ஃபையின் பூட்டை, சொந்தக்காரர் சம்மதத்தோடு உடைத்துப் பார்த்து, எங்கே ஓட்டை என்று சொல்வது அவள் வேலை. போலீஸ் சொல்லித்தான் சம்பத் கூப்பிட்டிருந்தார். முதலில் அவரிடம் கையெழுத்து வாங்கினாள்.

"சீட்டை எனக்குக் காட்டாதீங்க சார். வெளியாள் மாதிரியே பாக்கறேன்."

அவர் போன் வை-ஃபையில் சேரும்போது காற்றில் போனதை லேப்டாப்பில் பிடித்து வைத்தாள். ஜனங்கள் வழக்கமாகப் பாஸ்வேர்டாக வைக்கிற வார்த்தைகளை ஒவ்வொன்றாக அதோடு பொருத்திப் பார்க்கவிட்டாள். நான் வாளித் தண்ணீரை மாற்றிவிட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

"கோவிந்தா நூத்தியெட்டு. இதானே சார்?"

சம்பத்தின் முகம் சுண்டிப்போனது. "யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. திருப்பதிப் பக்கம் வந்தா நான் மொத போடற வார்த்தையே இதான். சாமி பேரை வெச்சா சாமி காவல் காக்கும்னு நெனச்சிக்கினு இருக்கீங்க. உங்க வை-ஃபை எப்பவோ கோவிந்தா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாப்பைச் சுவரில் சாய்த்தேன்.

"அந்தப் பேரை வெச்சது யாரு சார்?"

"சரி சரி, மாத்திக்கலாம். நீ ஒண்ணாந்தேதியும் வா. போய் மேல்மாடியப் பாரு."

"அந்த ஆறு பேருகிட்ட வந்து சொல்லுங்க. அப்பால போறேன்."

"வேலைக்காரங்ககிட்டல்லாம் போய் சொல்லிக்கினு இருக்கணுமா?"

"பழி போடறப்ப மட்டும் அவங்க வேணுமா?"

பிரமிளா தலை நிமிராமல் சொன்னாள். "ஒருத்தரும் சொல்லித் தராமலே பாஸ்வேர்டு கெடைக்கும்னு ரிப்போர்ட்ல எழுதறேன் சார். போலீசும் படிப்பாங்க."

அதற்குப் பிறகுதான் அவர் எழுந்தார். வெளுக்கிற கொட்டகைக்குப் போய், சுவரைப் பார்த்துக்கொண்டு முனகினார். "இவமேல தப்பில்ல."

"கேக்கல சார்" என்றேன்.

இன்னொரு தரம், கொஞ்சம் உரக்கச் சொன்னார். போர்வையைப் பிழிந்துகொண்டிருந்த ரத்னம்மா கையை நிறுத்தினாள்.

"அப்ப யாரு மேல சார் தப்பு?"

அவர் வெளியே போகத் திரும்பினார். வாசலை மறித்து நான் நின்றிருந்தேன். நகரவில்லை.